அஸ்தினாபுரத்தில் ரெண்டு என்ஜின்!

அஸ்தினாபுரம் என்றதும் திருதராஷ்டிரர், சகுனி, தாயக்கட்டை என்று கற்பனையை ஓட விடாதீர்கள். இது குரோம்பேட்டையிலிருந்து ராஜேந்திர பிரசாத் ரோட்டைப் பிடித்து வந்தால் கிடைக்கிற அஸ்தினாபுரம். தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. பாண்டவர்கள் ஐந்து கிராமமாவது கொடு என்று கேட்டார்களாம். இங்கே அரை கிரவுண்டுக்கே அண்ணன் தம்பிகள் கோர்ட் படி ஏறி இறங்குகிறார்கள். மற்றபடி மளிகைக் கடை, மாவு மிஷின், பிள்ளையார் கோயில், 'டு-லெட்' போர்டு என்று சென்னையின் தெற்குப் புறநகருக்கு உண்டான சகல லட்சணங்களும் உண்டு.

ஆனால் இந்த ஊருக்கு ஒரு விசேஷம் இருக்கிறது. ஊர்க்காரர்களே அதைக் கவனிப்பதில்லை. ஏதாவது ஒரு மொட்டை மாடியில் ஏறி நில்லுங்கள். வடக்கே மீனம்பாக்கம் விமான நிலையம். தெற்கே தாம்பரம் விமானப் படைத் தளம். நடுவில் நாம். டிக்கெட் இல்லை, செக்யூரிட்டி இல்லை. ஒரு பாயும் ஒரு சொம்புத் தண்ணீரும் இருந்தால் போதும், சாயங்காலம் பூரா விமானம் பார்க்கலாம்.

மீனம்பாக்கத்து ஆசாமிகள் பெரிய உடம்புக்காரர்கள். இறக்கைக்கு ஒன்றாக ரெண்டு என்ஜின். நம்மைப் பார்த்து ஒரு தலையாட்டல் கூட இல்லாமல் மேகத்துக்குள் போய்விடுவார்கள். தாம்பரத்து ஆசாமிகள் பொடியர்கள். மூக்கில் ஒரே ஒரு ப்ரொப்பெல்லர். எதிர்வீட்டுப் பையன் பதினாறாம் வாய்ப்பாட்டை உருப்போடுகிற மாதிரி, ஒரே வட்டத்தைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள்.

பெரியவருக்கு ரெண்டு, சின்னவருக்கு ஒன்று. ஏன்? ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதானே ரெண்டு? அப்படியானால் சின்னவர் உயிர் மட்டும் லேசா?

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க எனக்குச் சரியான ஆள் கீழ்த் தளத்திலேயே கிடைத்தார். விமானப் படையில் என்ஜின் பிரிவில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். "பேரெல்லாம் போடாதீங்க தம்பி" என்று முதலிலேயே சொல்லிவிட்டதால், இந்தக் கட்டுரை முழுக்க அவர் 'ஸார்'.

ஒற்றை என்ஜினே போதும் என்ற காலம்

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. மெட்ராஸுக்கு வந்த முதல் டாட்டா தபால் விமானத்துக்கு ஒரே ஒரு என்ஜின்தான்" என்றார் ஸார்.

வாஸ்தவம்தான். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய் வரை தபால் மூட்டையோடு ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற பைலட் பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இருவரும் ஓட்டியது பஸ் மாத் ரக விமானங்கள். பெயரில் பஸ் இருந்தாலும் உள்ளே உட்கார ஒரு ஆட்டோ அளவுக்குத்தான் இடம். என்ஜின் ஒன்றே ஒன்று.

அதற்கும் ஐந்து வருஷம் முன்னால், 1927-ல், சார்லஸ் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டினார். அவரோடு போட்டி போட்டவர்களில் சிலர் ரெண்டு, மூன்று என்ஜின் வைத்த விமானங்களைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். லிண்ட்பர்க் வேண்டுமென்றே ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். என்ஜின் மூன்று என்றால் ஏதாவது ஒன்று மக்கர் பண்ணவும் மூன்று மடங்கு வாய்ப்பு. அந்த எடையில் ஒன்று போனால் மிச்சம் ரெண்டு கரை சேர்க்கும் என்று என்ன நிச்சயம்? இதுதான் அவர் கட்சி.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருந்தால் மெக்கானிக்கைப் பார்க்கப் போவது மாதம் ஒருமுறை. ரெண்டு இருந்தால் ரெண்டு முறை. எப்போதும் ஏதாவது ஒன்று ஓடும் என்பது எவ்வளவு நிஜமோ, எப்போதும் ஏதாவது ஒன்று ரிப்பேரில் இருக்கும் என்பதும் அவ்வளவு நிஜம்!

பாதி போனால் மிச்சம் எவ்வளவு?

ஸார் ஒரு கேள்வி போட்டார். "ரெண்டு என்ஜின் இருக்கிற குட்டி விமானம். ஒண்ணு நின்னுபோச்சு. மேலே ஏறுற சக்தி எவ்வளவு மிச்சம் இருக்கும்?"

பக்கத்து ஃப்ளாட் இளைஞரும் அப்போது கூட இருந்தார். ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மனைவிக்குக் கிண்டியில் உத்தியோகம். "இதென்ன ஸார், பாதி!" என்றார் பட்டென்று.

"பாதி இல்லே தம்பி. பத்துல ஒண்ணு, இல்லே ரெண்டு!"

இளைஞர் என்னைப் பார்த்தார். நான் பி.காம். விமானத்துக்கும் எனக்கும் ஜென்மத்தில் சம்பந்தம் கிடையாது. ஆனால் வரவு-செலவு என்று வந்துவிட்டால் சும்மா இருக்க முடியுமா?

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கணவன் சம்பளம் 40,000. மனைவி சம்பளம் 40,000. மொத்தம் 80,000. வீட்டுக் கடன் தவணை, பால், மளிகை, பெட்ரோல் என்று அடிப்படைச் செலவு 35,000. மாசக் கடைசியில் மிச்சம் 45,000. இப்போது ஒருவருக்கு வேலை போகிறது. வருமானம் பாதியாகக் குறைகிறது: 40,000. செலவு குறையுமா? பேங்க்காரர் 'பாவம் ஸார், பாதி கட்டினால் போதும்' என்பாரா? செலவு அதே 35,000. மிச்சம் வெறும் 5,000. வருமானம் பாதிதான் குறைந்தது. மிச்சமோ ஒன்பதில் எட்டுப் பங்கு காலி!

விமானத்திலும் இதே கணக்குதான். கீழே விழாமல் நேராகப் பறப்பதற்கே குறிப்பிட்ட சக்தி வேண்டும். அது வீட்டுச் செலவு. அதற்கு மேல் மிஞ்சுகிற சக்தியில்தான் உயரே ஏற முடியும். அது சேமிப்பு. ஒரு என்ஜின் நின்றால் சக்தி பாதியாகிறது. ஏறும் திறனில் 80 முதல் 90 சதவீதம் போய்விடுகிறது.

உதாரணம், பைலட் பயிற்சிக்கு உலகமெங்கும் பழக்கமான பைப்பர் செமினோல். நாலு சீட். 180 குதிரை சக்தி என்ஜின் ரெண்டு. ரெண்டும் ஓடினால் நிமிஷத்துக்குச் சுமார் 1200 அடி ஏறும். ஒன்று நின்றால் சுமார் 200 அடிதான். அந்த ஒரு நிமிஷத்தில் அது ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் முன்னால் போய்விடும். அதாவது அஸ்தினாபுரத்தில் கிளம்பினால் குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம் வரும்போது இருபது மாடிக் கட்டட உயரம். அதுவும் புது விமானம், குளிர்ந்த காற்று, கை தேர்ந்த பைலட் என்றால். நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் காற்று அடர்த்தி குறைந்துபோய், அந்த 200-லும் துண்டு விழும்.

இன்னொரு சங்கதி. 6000 பவுண்டுக்கு உட்பட்ட, மெதுவான வேகத்தில் இறங்கக்கூடிய ரெட்டை என்ஜின் குட்டி விமானங்கள் ஒற்றை என்ஜினில் மேலே ஏறியே தீர வேண்டும் என்று பழைய அமெரிக்க விதிகள் கேட்கவேயில்லை. எவ்வளவு ஏறும், அல்லது எவ்வளவு இறங்கும் என்று அளந்து எழுதினால் போதும்! பைலட்டுகள் மத்தியில் ஒரு பழைய ஜோக் உண்டு: 'ரெண்டாவது என்ஜின் எதற்கு? விபத்து நடக்கிற இடம் வரைக்கும் கொண்டுபோய் விடுவதற்கு.'

இளைஞர் சிரிக்கவில்லை. தவணைக் கணக்கு அவர் கண்ணில் ஓடியது தெரிந்தது.

செத்த கால், செத்த என்ஜின்

பணக் கஷ்டம் மட்டும் என்றால் பரவாயில்லை. குடும்பத்தில் சண்டையும் சேர்ந்து வருகிறது.

ரெட்டை மாட்டு வண்டியில் இடது மாடு படுத்துவிட்டது, வலது மாடு இழுத்துக்கொண்டே இருக்கிறது. வண்டி எங்கே போகும்? இடது பக்கம் திரும்பி வயலில் இறங்கும். விமானமும் அப்படியே. செத்த என்ஜின் பக்கமாக மூக்கைத் திருப்பிக்கொண்டு, அந்தப் பக்கத்து இறக்கையையும் சாய்க்கப் பார்க்கும். பைலட் எதிர்ப்பக்கத்து ரட்டர் பெடலை ஓங்கி மிதித்து நேராக்க வேண்டும். எந்தக் காலுக்கு வேலை இல்லையோ அந்தப் பக்கத்து என்ஜின்தான் நின்றது. 'செத்த கால், செத்த என்ஜின்' என்று பயிற்சியில் மந்திரம் மாதிரி ஓத வைப்பார்கள்.

ரட்டர் வேலை செய்யக் காற்று வேகம் வேண்டும். அதனால் வேகம் காட்டும் கடிகாரத்தில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். ஒற்றை என்ஜினில், அந்த வேகத்துக்குக் கீழே போனால் மனுஷ பலத்தால் விமானத்தை நேராக வைக்க முடியாது. ஓடுகிற என்ஜினே அதைக் கவிழ்த்துவிடும். கவனியுங்கள், நின்ற என்ஜின் இல்லை, ஓடுகிற என்ஜின்! பக்கத்தில் ஒரு நீலக் கோடு. அந்த வேகத்தில் போனால்தான் மிச்சமிருக்கிற சொற்ப சக்தியில் அதிகபட்சம் ஏற முடியும். சிவப்பு, உயிர்க் கோடு. நீலம், பிழைப்புக் கோடு.

அடுத்து, நின்றுபோன ப்ரொப்பெல்லர். அது சும்மா இருக்காது. எதிர்க்காற்றில் பொம்மைக் காற்றாடி போலச் சுற்றி, விமானத்தைப் பின்னால் இழுக்கும். வேலை போனவர் வீட்டில் இருந்துகொண்டு கிரெடிட் கார்டு தேய்க்கிற கதை! அதை அடக்க வழி: பிளேடுகளைக் காற்றுக்கு விளிம்பு காட்டும்படி திருப்பிவிடுவது. பைலட் பாஷையில் 'ஃபெதர்'. பஸ் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை விரித்து நீட்டினால் காற்று கையைப் பின்னால் தள்ளும். கத்தி மாதிரி திருப்பினால் வெட்டிக்கொண்டு போகும். அவ்வளவுதான். (சோதித்துப் பார்க்கக் கையை நீட்டாதீர்கள். ஜி.எஸ்.டி. ரோடு அதற்கு ஏற்ற இடம் அல்ல.)

இதையெல்லாம் டேக்-ஆஃப் ஆன சில விநாடிகளுக்குள், எந்த என்ஜின் என்று சரியாகக் கண்டுபிடித்துச் செய்ய வேண்டும்.

சரி, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதால்தானே இந்த வம்பு? ஒன்றை மூக்கிலும் மற்றதை முதுகுக்குப் பின்னாலும் வைத்தால்? 1960-களில் செஸ்னா கம்பெனி அப்படியே 'ஸ்கைமாஸ்டர்' என்ற விமானத்தைச் செய்தது. எது நின்றாலும் விமானம் திரும்பாது. பிரமாதம்! புதுத் தொல்லை என்ன தெரியுமா? பின்னால் உள்ள என்ஜின் ரன்வேயிலேயே நின்றுபோனாலும் சில பைலட்டுகளுக்குத் தெரியவில்லை. ஒற்றை என்ஜினிலேயே டேக்-ஆஃப் செய்யக் கிளம்பிவிட்டார்கள். 'ஒற்றை என்ஜினில் கிளம்பாதே' என்று எச்சரிக்கைப் பலகை ஒட்ட வேண்டி வந்தது.

எம்.ஐ.டி. வாசலில்...

அஸ்தினாபுரத்திலிருந்து சைக்கிள் தூரத்தில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. சி. ராஜம் 1949-ல் தொடங்கிய கல்லூரி. விமானப் பொறியியல் படிக்க ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாம், தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றின் வடிவமைப்பை மூன்றே நாளில் முடித்துக் கொடுத்த கதை உங்களுக்கு மனப்பாடம். திரும்பச் சொல்லப் போவதில்லை.

அந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இன்னொரு விமானம் ஞாபகம் வருகிறது: 'சரஸ்'. பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம், அதாவது என்.ஏ.எல்., செய்த இந்தியாவின் சொந்தக் குட்டி விமானம். பதினாலு சீட். ரெண்டு என்ஜின், ரெண்டும் வாலுக்குப் பக்கத்தில், ப்ரொப்பெல்லர் பின்னால் பார்த்தபடி, தள்ளிக்கொண்டு போகிற மாதிரி. முதல் விமானம் 2004 மே 29 அன்று பறந்தது. எடை திட்டமிட்டதை விடக் கூடிப்போனதால், ரெண்டாவது விமானத்துக்கு இன்னும் பலமான என்ஜின்கள் பொருத்தினார்கள்.

2009 மார்ச் 6. அந்த ரெண்டாவது விமானத்தில் ஒரு சோதனை. பறந்துகொண்டிருக்கும்போதே ஒரு என்ஜினை வேண்டுமென்றே நிறுத்த வேண்டும். மறுபடி உயிர் கொடுக்க வேண்டும். ரெட்டை என்ஜின் விமானம் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் தேறியாக வேண்டிய பரீட்சை. விங் கமாண்டர் பிரவீன் கொட்டேகொப்பா, விங் கமாண்டர் திபேஷ் ஷா, ஸ்குவாட்ரன் லீடர் இளையராஜா என மூன்று விமானப் படை அதிகாரிகள் உள்ளே. நிறுத்திய என்ஜினுக்கு மறுபடி உயிர் கொடுக்கும் முயற்சியில் விமானம் வேகமாக உயரம் இழந்து, பெங்களூருக்கு வெளியே பிடதி பக்கம் விழுந்தது. மூவரும் பிழைக்கவில்லை.

விசாரணை அறிக்கை சொன்ன காரணத்தைப் பாருங்கள். என்ஜினுக்கு மறுபடி உயிர் கொடுக்க வடிவமைப்பாளர்கள் வகுத்துக் கொடுத்த முறையே தவறு. அதைச் செய்து பார்த்த உயரமும் போதவில்லை. ஆக, விமானிகள் கையில் கொடுக்கப்பட்ட காகிதத்திலேயே கோளாறு. 'ரெண்டாவது என்ஜின்' என்பது இறக்கையில் தொங்குகிற இரும்பு மட்டும் இல்லை. அதை எப்படி நிறுத்துவது, எப்படி எழுப்புவது, எத்தனை அடியில் என்கிற நாலு வரியும் சேர்ந்ததுதான். அந்த நாலு வரி தப்பானால் இரும்பு உதவாது.

நாம் பயணம் போகிற விமானம் எதுவாக இருந்தாலும், யாரோ மூன்று பேர் என்றைக்கோ அதன் என்ஜினை நடுவானில் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள். திருச்சிக்கோ தூத்துக்குடிக்கோ போய் இறங்கி, 'காபி சரியில்லை' என்று புகார் எழுதும்போது இதையும் கொஞ்சம் நினைக்கலாம்.

ரெண்டுக்கும் ஒரே கணக்கு

ரெண்டு என்ஜினையும் ஒரே அடியில் சாய்க்கிற சங்கதிகளும் உண்டு. இதில் என் துறை சம்பந்தப்பட்டது ஒன்று.

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767. புத்தம் புது ரகம். அந்தக் கம்பெனியில் கிலோ கணக்குக்கு மாறிய முதல் விமானம். தேவை 22,300 கிலோ எரிபொருள். லிட்டரைக் கிலோவாக மாற்ற வேண்டிய இடத்தில், பழக்க தோஷத்தில் பவுண்டுக்கான எண்ணால் பெருக்கிவிட்டார்கள். வேண்டியதில் பாதிக்கும் குறைவாகவே டாங்கில் இருந்தது. 41,000 அடி உயரத்தில் முதலில் ஒரு என்ஜின், பிறகு இன்னொன்று... கப்சிப்! பைலட்டுக்குக் கிளைடர் ஓட்டிய அனுபவம் இருந்ததால், கிம்லி என்ற ஊரின் பழைய ரன்வேயில் சறுக்கி இறக்கிவிட்டார். இருந்த 69 பேரும் தப்பினார்கள். ஒரு பெருக்கல் தப்பு, ரெண்டு என்ஜினுக்கும் சமன். ஆடிட் எவ்வளவு முக்கியம் பார்த்தீர்களா!

அடுத்தது கைத்தவறு. 2015 பிப்ரவரி 4, தைபே. டிரான்ஸ்ஏஷியாவின் ஏ.டி.ஆர். விமானம். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகிற இண்டிகோவின் ப்ரொப்பெல்லர் விமானத்தின் ஜாதி. கிளம்பிய உடனே வலது என்ஜினில் கோளாறு. கேப்டன் நிறுத்தியதோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது என்ஜினை. தப்பு தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். டேக்-ஆஃபில் என்ஜின் நிற்கிற இதே பாடத்தில் அவர் ஒருமுறை சிமுலேட்டர் பரீட்சையில் தேறவில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது.

2025 ஜூன் 12 ஆமதாபாத்தை யாராலும் மறக்க முடியாது. எப்படி, ஏன் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அடுத்த மாதம் வந்த முதற்கட்ட அறிக்கையில் இருந்தது இதுதான்: ரெண்டு என்ஜின்களின் எரிபொருள் சுவிட்சுகளும் ஏறத்தாழ ஒரு விநாடி இடைவெளியில் 'கட்-ஆஃப்' நிலைக்குப் போயின. ஒரு விநாடி. ரெண்டு இருந்தும் ஒன்று கூட இல்லாத நிலை.

கேம்ப் ரோடு வாத்தியார்கள்

இப்போது அந்தச் சின்னவர் விஷயத்துக்கு வருவோம். அஸ்தினாபுரத்திலிருந்து செம்பாக்கம் வழியாகக் கேம்ப் ரோடு பக்கம் போனால் விமானப் படையின் நீளமான காம்பவுண்டுச் சுவர். சுவருக்கு உள்ளே எட்டிப் பார்க்கவோ போட்டோ எடுக்கவோ ஆசைப்படாதீர்கள். எடுத்தால் அடுத்த வாரம் இந்தப் பத்தி உங்களைப் பற்றித்தான். உள்ளே இருப்பது விமானப் பயிற்றுநர் பள்ளி. 1948-ல் அம்பாலாவில் ஆரம்பித்து, 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. பைலட்டுகளை உருவாக்கும் இடம் அல்ல. பைலட்டுகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார்களை உருவாக்கும் இடம்.

அங்கே பறக்கிற பிலாட்டஸ் பி.ஸி.-7 விமானத்துக்கு ஒரு என்ஜின்தான். சரஸில் இருந்த அதே பி.டி.-6 குடும்பத்து என்ஜின். ரெண்டாவதுக்குப் பதில் வேறு ஏற்பாடு: இருக்கையோடு பைலட்டை வெளியே வீசி, பாராசூட்டில் இறக்கிவிடும் 'இஜெக்‌ஷன் ஸீட்'. 2025 நவம்பர் 14 அன்று திருப்போரூர் பக்கம் ஒரு பி.ஸி.-7 விழுந்தது. பைலட் அந்த ஸீட் புண்ணியத்தில் உயிர் பிழைத்தார். விமானம் போனால் போகட்டும், ஆள் வேண்டும் என்பது அந்தக் கணக்கு. நூற்றைம்பது பயணிகளை இப்படி வீச முடியாது. அதனால் பெரியவருக்கு ரெண்டு.

"ஸார், அந்த வட்டம் வட்டமா என்னதான் பண்றாங்க?" என்று கேட்டேன்.

"வாத்தியார் திடீர்னு த்ராட்டிலைப் பின்னால இழுத்துடுவார். 'என்ஜின் போச்சு, எங்கே எறங்குவே, சொல்லு'ம்பார். பையன் உடனே எடத்தைக் காட்டணும், ஸ்பீடைப் பிடிக்கணும். அப்புறம் மறுபடி மேலே. மறுபடி இழுப்பார். அந்தப் பையன்தான் நாளைக்கு வாத்தியார். நூறு பேருக்கு இதையே சொல்லித் தரணும். தம்பி, ஒத்தை என்ஜின்காரனுக்கு ஒரு லாபம் உண்டு. போயிடும்னு அவனுக்கு எப்பவும் ஞாபகம் இருக்கும். ரெண்டு வெச்சிருக்கிறவன்தான் மறந்துடறான்."

ஒரே ரோடு

கேம்ப் ரோட்டிலிருந்து வேளச்சேரி போகிற பஸ்ஸில் ஏறினால் செம்பாக்கம், மேடவாக்கம் தாண்டிப் பள்ளிக்கரணை வரும். சதுப்பு நிலம், தூரத்தில் பறவைகள், பக்கத்தில் டிராஃபிக். அங்கே ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது: தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம். தினமும் இந்த வழியாக ஆபீஸ் போகிறவர்களில் எத்தனை பேர் அந்த போர்டைப் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் தளத்திலிருந்து ஏ.என்.-32 விமானம் ஒன்று போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. குட்டி இல்லை, நல்ல பலசாலி. இறக்கைக்கு மேலே தூக்கி வைத்த ரெண்டு பெரிய ப்ரொப்பெல்லர் என்ஜின்கள். உள்ளே 29 பேர். வங்கக் கடலுக்கு மேல் ரேடாரிலிருந்து மறைந்தது. கப்பல்கள், விமானங்கள் என்று வாரக்கணக்கில் தேடினார்கள். ஒரு துண்டு கூட அகப்படவில்லை.

அதற்கு முந்தைய வருஷம், 2015 ஜூன் 8 இரவு, சென்னையிலிருந்து கண்காணிப்புக்குப் போன கடலோரக் காவல் படையின் டார்னியர் விமானமும் மூன்று பேரோடு மறைந்திருந்தது. அதுவும் ரெட்டை என்ஜின்தான். ஒரு மாதம் தேடிய பிறகு, பிச்சாவரத்துக்கு அப்பால் கடலடியில், சுமார் 950 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. ஏ.என்.-32-க்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

ஏழரை வருஷம். பிறகு பள்ளிக்கரணை நிறுவனம் தன் ஆளில்லா நீர்மூழ்கிக் கலத்தை அந்தக் கடல் பகுதிக்கு அனுப்பியது. சென்னைக் கரையிலிருந்து 140 கடல் மைல், 3400 மீட்டர் ஆழம். அது எடுத்த படங்களில் சிதைந்த விமானத்தின் பாகங்கள். ஏ.என்.-32-ஓடு ஒத்துப்போவதாக 2024 ஜனவரி 12 அன்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது.

கிளம்பிய இடமும் கண்டுபிடித்த இடமும் ஒரே ரோட்டில், ஒரே பஸ் டிக்கெட்டில். நடுவில் ஏழரை வருஷம், இருபத்தொன்பது வீடுகள். அந்த வீடுகளில் உள்ளவர்களிடம் போய் 'ரெண்டு என்ஜின் இருந்ததே' என்று யாரும் சொல்லிவிட முடியாது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஸாரிடம் நேராகவே கேட்டேன். "அப்ப ரெண்டாவது என்ஜின் வேஸ்ட்டா ஸார்?"

"யார் சொன்னா? தினம் ஆயிரம் விமானம் பறக்குது. எங்கேயாவது ஒண்ணு நிக்கும், இன்னொண்ணுல எறக்கிடுவான். பேப்பர்ல நாலு வரி கூட வராது. ஆனா அது கேரண்டி கார்டு இல்லே தம்பி. நேரம். யோசிக்க, திரும்ப, எடம் பார்க்கக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும். கையில உயரமும் வேகமும் இருந்து, பழகியும் வெச்சிருந்தா அந்த நேரம் செல்லும். இல்லேன்னா செல்லாது."

உயரமும் வேகமும்தான் பைலட்டின் பேங்க் பேலன்ஸ். அது இருக்கிறபோது ஒரு என்ஜின் போவது தொந்தரவு. அது இல்லாதபோது போவது ஆபத்து. என்ஜின் எத்தனை என்பதை விட, எப்போது போகிறது, கையில் என்ன மிச்சம், அதற்காக எத்தனை முறை பழகினோம் என்பதுதான் பேச்சு.

இந்த வெளியூர் ஞானத்தால் எங்கள் ஃப்ளாட்டில் ஒரு காரியம் நடந்திருக்கிறது. பக்கத்து வீட்டு இளைஞரும் அவர் மனைவியும் மூன்று மாதம் ஒரு பயிற்சி செய்தார்கள். ஒருவர் சம்பளத்தைத் தொடாமல் தனி டெபாசிட்டில் போட்டுவிட்டு, மற்றவர் சம்பளத்தில் மட்டும் குடித்தனம். முதல் மாதம் இருபதாம் தேதியே தரை தட்டியதாம். ரெண்டாவது மாதம் இருபத்தாறு. மூன்றாவது மாதம் 1,100 ரூபாய் மிச்சம்! நிமிஷத்துக்கு 200 அடி மாதிரி சொற்பம்தான். ஆனாலும் ஏறுகிறது.

கணக்கு நோட்டில் நீலக் கோடு ஒன்று போட்டு வைத்திருக்கிறார் அந்தப் பெண். போன வாரம் மாவு மிஷின் வாசலில் பார்த்தபோது, "நீலக் கோடு சரி. சிவப்புக் கோடு எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"அதுக்கு நோட்டுல எடமே இல்லே ஸார். இவரோட கிரெடிட் கார்டைத்தான் பூட்டி வெச்சிருக்கேனே!" என்றார்.